வாசலோடு நிற்கிற பேண்டு

மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடுகின்றன என்பது தனிஸ்லாஸுக்கு ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவில்தான் தெரிந்தது. ஊதிக்கொண்டிருந்த டெனர் சாக்ஸபோன் திடீரென்று வாய்க்குள் வழுக்கியது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருகிப் பார்த்தார், கழுத்துப் பட்டையை இறுக்கினார், பக்கத்தில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த மலையாண்டியைக் காரணமில்லாமல் முறைத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று விரலால் தொட்டுப் பார்த்தபோது இரண்டு பல்லும் பேசி வைத்துக்கொண்டதைப் போல ஒன்றாக அசைந்தன.

மற்றவர்களுக்குப் பல் ஆடினால் முறுக்குத் தின்பதை நிறுத்தினால் போதும். டெனர்காரன் பாடு அப்படியில்லை. வாய்க்கட்டையை மேல்பல்லில் ஊன்றி, கீழுதட்டால் ஏந்தித்தான் ஊத வேண்டும். ஊன்ற இடமில்லாவிட்டால் காற்று ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும். மறுநாளே மனைவி தெரசா அவரைத் தரதரவென்று மதுரை தல்லாகுளத்துப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈறு போயிருச்சுங்க. ரெண்டையும் எடுத்துரணும். விட்டா பக்கத்துப் பல்லுக்கும் பரவிரும்" என்றார் டாக்டர்.

"எடுத்துட்டுப் பல்லு கட்டிக்கிட்டா ஊதலாமா டாக்டர்?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

"எனக்குத் தெரியாதுங்க. ஊதிப் பாத்துட்டு வந்து சொன்ன ஆளு இதுவரைக்கும் யாரும் இல்லை."

தனிஸ்லாஸ் கையெடுத்துக் கும்பிட்டு ஆடி மாதம் முடியும்வரை தவணை கேட்டார். டாக்டர் வேண்டாவெறுப்பாக மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். வெளியே வந்ததும் தெரசா பிடித்துக்கொண்டாள்.

"ஆடியில ஒரு கல்யாணமும் கிடையாது. பேண்டு செட்டே சும்மாதான் உக்காந்திருக்கும். இப்பப் புடுங்குனா என்னங்க?"

"ஒரு கேசட்டு போடணும் தெரசா. என் பல்லு இருக்கையிலேயே போட்டுரணும்."

இந்தக் கேசட் ஆசைக்கு விதை போட்டவன் நல்லகாமன். தல்லாகுளத்தில் கேசட் பதிவு செய்து தரும் கடை வைத்திருந்தான். எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றித் தருவான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஆட்டோ விளம்பரங்களும் கோயில் திருவிழா அறிவிப்புகளும் பதிவாகும். புதுப் படப் பாட்டுகளைக் கேட்டுப் பழகுவதற்காக தனிஸ்லாஸ் மாதம் தவறாமல் அங்கே போவார். போன வருஷம் ஒருநாள் அவர் கடைக்குள் நுழைந்தபோது நல்லகாமன் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதோ ஒரு தட்டைச் சுழலவிட்டிருந்தான். மொத்தமாக வாங்கிய பழைய தட்டுகளோடு வந்து சேர்ந்தது, யாரும் கேட்காதது. உள்ளே டெனர் சாக்ஸபோன் ஒன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தது.

தனிஸ்லாஸ் வந்த வேலையை மறந்துவிட்டு நின்றார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான்கு கறுப்பு மனிதர்கள். நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஊதுகிறவர் கையில், இவருடையதைப் போலவே ஒரு டெனர். ஒருவர் பியானோவில், ஒருவர் ஆளுயர பாஸ் வாத்தியத்தோடு, ஒருவர் டிரம்ஸுக்குப் பின்னால். ஹார்ட் பாப் என்கிற ஜாஸ் வகை என்று நல்லகாமன் பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னான். அது தனிஸ்லாஸ் காதில் விழுந்ததா என்பதுகூட சந்தேகம். டெனர் ஒரு மெட்டைச் சொல்லும். அப்புறம் அதைக் குலைத்துப் போட்டு, சண்டை பிடித்து, கெஞ்சி, சிரித்துவிட்டு, கடைசியில் நல்ல பிள்ளையாக அதே மெட்டுக்குத் திரும்பி வரும். டிரம்ஸ்காரர் கூடவே நின்று உசுப்பிவிடுவார். தனிஸ்லாஸுக்கு அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதார்.

அவருக்கு ஏன் அழுகை வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பேண்டு செட்டை இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்? பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கல்யாணமென்றால் கண் மாப்பிள்ளை மேல், சாவென்றால் கண் பாடை மேல். சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையும் மாட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஊதுகிறவனைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, போட்டோவில் விழுகிறாய் என்பார்கள். போதாக்குறைக்கு ஒரு வழக்கம் வேறு. மண்டப வாசல் வரைக்கும்தான் பேண்டு. வாசலை மிதித்ததும் சைடு டிரம் ஒரு முடிப்பு உருட்டல் உருட்ட வேண்டும், எல்லாரும் வாயிலிருந்து கருவியை எடுக்க வேண்டும். உள்ளே நாதஸ்வரமும் மேளமும் பார்த்துக்கொள்ளும். இருபது வருஷமாக மதுரையைச் சுற்றியுள்ள அத்தனை மண்டபத்துக்கும் மாப்பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த தனிஸ்லாஸ், ஒரு மண்டபத்துக்குள்ளும் ஒரு சுரம் ஊதியதில்லை.

அந்தத் தட்டில் ஒரு டெனர்காரன் சொல்வதை உலகமே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. நம்மையும் ஒருவர் அப்படிக் கேட்க மாட்டார்களா என்கிற ஏக்கம்தான் அன்று கண்ணில் நீராக வந்தது.

தன் செட்டிலிருந்து மூன்று பேரைப் பிரித்தெடுத்தார். பியானோவுக்குப் பதிலாக மலையாண்டியின் டிரம்பெட். ஆளுயர பாஸுக்குப் பதிலாக லாசரின் யூபோனியம். குழந்தையை அணைத்துப் பிடிப்பதைப் போல மார்போடு சேர்த்துப் பிடித்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். டிரம்ஸுக்கு முத்திருளன், தோளில் தொங்கும் சைடு டிரம்மோடு. தட்டில் உள்ளதை அப்படியே ஊதவில்லை. அந்தப் பேச்சுமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தமாக மெட்டுக் கட்டினார்கள். 'சமயநல்லூர் ரயில்வே கேட்', 'முதல் பந்தி', 'தெரசா முறைக்கிறாள்' என்றெல்லாம் பெயரும் வைத்தாயிற்று. வீட்டில் பழகினால் தெருவே சண்டைக்கு வந்ததால், தண்ணீரில்லாத வைகை மணலில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்துகொண்டே பழகினார்கள். மணலில் மேய்ந்த எருமைகள் ஆட்சேபிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் நல்லகாமன் தன் பின்னறையை ஒருநாள் முழுக்க ஒதுக்கிக் கொடுத்தான். நான்கு பேரும் சிவப்புக் கோட்டு, தொப்பி, பளபளக்கும் பொத்தான்கள் சகிதம் வந்து இறங்கினார்கள்.

"அண்ணே, கேசட்டுல கோட்டு தெரியாதுண்ணே" என்றான் நல்லகாமன்.

"எங்களுக்குத் தெரியும்ல" என்றார் லாசர்.

அறையில் நான்கு நாற்காலி போடச் சொன்னவர் தனிஸ்லாஸ்தான். நின்றுகொண்டே ஊதலாமே என்று மலையாண்டி கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அட்டையில இருக்குற பெரிய மனுசன் உக்காந்து ஊதுறாரா, இல்ல தெருவுல அலையுறாரா? உக்காந்து ஊதுறதுதான்டா மரியாதை."

மரியாதையாக உட்கார்ந்தார்கள். மரியாதையாக ஊதினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. ஆற்று மணலில் துள்ளிய மெட்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் பஞ்சாயத்தில் நிறுத்திய கைதியைப் போலத் தலையைத் தொங்கப் போட்டது. முத்திருளன் ஒருநாளும் தாளம் தப்பாத ஆள். அவன் கை இழுத்தது. லாசர் பின்தங்கினார். தனிஸ்லாஸ் பல்லைக் கடித்து வேகம் கூட்டினால் பல் விண்ணென்று தெறித்தது. திரும்பத் திரும்ப ஊதினார்கள். திரும்பத் திரும்ப நல்லகாமன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். நல்ல மனிதன், முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அவர்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

"விடு மாப்ள. நமக்கு ரோடுதான். அம்புட்டுதான்" என்றார் லாசர்.

தனிஸ்லாஸ் சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே எழுந்து வெளியே நடந்தார். இனி பல்லைப் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன என்று தோன்றியது. மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள்.

பஸ் நிறுத்தம் பார்த்து நடக்கையில் முத்திருளன் சும்மா இருக்க மாட்டாமல் டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டினான். நடைக்குத் தகுந்த தட்டு. லாசரின் கால் அதில் போய் விழுந்தது. கால் விழுந்ததும் யூபோனியம் தானாக உறுமியது. மலையாண்டி நமட்டுச் சிரிப்போடு டிரம்பெட்டை உயர்த்தினான். தனிஸ்லாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருவது 'ரயில்வே கேட்' என்று அவர் குதிகாலுக்கே தெரிந்துவிட்டது. ஊதினார். காலையிலிருந்து செத்துக் கிடந்த மெட்டு எழுந்து தார்ரோட்டில் நடந்தது.

சைக்கிள்கள் நின்றன. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வெளியே வந்தார்கள்.

"எந்த வீட்டு விசேசம்ப்பா?"

"ஆடியில ஏதுய்யா விசேசம்? யாரோ போய்ச் சேந்துட்டாங்க."

"பாடையக் காணோமே?"

அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நல்லகாமன் ஓடிவந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அண்ணே! நீங்க நடக்கணும்ண்ணே! நடந்தாத்தான் உங்களுக்கு வருது!"

இதைவிட எளிய விஷயம் உலகத்தில் இல்லை. ஆனால் நான்கு பேருக்குமே அதுவரை உறைக்கவில்லை. பேண்டுக்காரனுக்குத் தாளம் கையில் இல்லை, காலில் இருக்கிறது. இருபது வருஷமாக ஒரு பாட்டையும் உட்கார்ந்து ஊதாதவர்கள், அட்டைப்படத்தைப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டார்கள். தனிஸ்லாஸ் நடுரோட்டில் நின்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

பின்னறையில் நடக்க இடமில்லை. முயன்று பார்த்ததில் யூபோனியம் மலையாண்டியின் முதுகைப் பதம் பார்த்ததுதான் மிச்சம். ஆற்று மணலிலோ ஆடிக் காற்று மைக்குக்குள் புகுந்து பேய் மாதிரி ஊளையிட்டது. கூரை வேண்டும், கரண்ட் வேண்டும், நான்கு பேர் வட்டமாக நடக்க இடமும் வேண்டும்.

"ஆடியில எது காலியாக் கிடக்கும்? கல்யாண மண்டபம்தான்" என்றான் மலையாண்டி. சமயநல்லூரில் ரோட்டோரமாக இருந்த ஒரு மண்டபத்தின் காவல்காரர் சோலை அவனுக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். இந்த முறை வெறும் சட்டை வேட்டிதான். தெரசாவும் உப்புத் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையுமாகக் கூடவே வந்தாள். நல்லகாமன் பதிவுக் கருவியை ஸ்கூட்டரில் கட்டி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதைப் போல மெதுவாக ஓட்டிவந்து சேர்ந்தான். சோலை வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பேண்டு உள்ள வரப்படாதுல்லப்பா. வழக்கம் ஒண்ணு இருக்குல்ல?"

"கல்யாணம் நடந்தாத்தானே வழக்கம்? இப்ப உள்ள யாரு இருக்கா, பல்லியும் கரப்பானும்தான் இருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சோலையின் மனைவி சோணையம்மாள், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தரையைக் கழுவி முடித்திருந்தாள். "நான் அடுப்படியில கிடந்து கேப்பேன். தூரத்துல இருந்து வரும், வரும், நல்லா வந்துக்கிட்டே இருக்கும். வாசலுக்கு வந்ததும் டப்புனு நின்னுரும். ஒருநாளாச்சும் முழுசாக் கேக்க விடுய்யா."

மனைவியை மீறுகிற தைரியம் சோலைக்கு இல்லை. கை இறங்கியது.

முகூர்த்த மேடைக்கு எதிரே, பூப்பந்தல் கட்டுகிற கொக்கியிலிருந்து மைக்கைக் கயிற்றில் தொங்கவிட்டான் நல்லகாமன். அதைச் சுற்றி நடந்துகொண்டே ஊத வேண்டும். அப்போதுதான் தனிஸ்லாஸ், வாசலுக்கு வெளியே ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறோம் என்றார்.

"வெளிய இருந்தா மைக்குக்குக் கேக்காதுண்ணே."

"முதல்ல கேக்காது. வரவரக் கேக்கும்."

நல்லகாமன் பொத்தானை அழுத்திக் கையைக் காட்டினான். 'ரயில்வே கேட்' ரோட்டோரப் புளியமரத்தடியிலிருந்து கிளம்பியது. மெட்டு ஏறி, வேகம் பிடித்து, வாசற்படியில் முதல் கால் பட்டதும் முத்திருளன் கை தன்னிச்சையாக முடிப்பு உருட்டலை உருட்டிவிட்டது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயிலிருந்து கருவியை எடுத்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திருதிருவென விழித்தார்கள்.

"முத்திருளா!"

"நான் உருட்டலைண்ணே. கை உருட்டிருச்சு" என்றான் முத்திருளன், அழாத குறையாக.

மறுபடி புளியமரம். இந்த முறை வாசல் நெருங்க நெருங்க முத்திருளனின் பார்வை தரையை விட்டு ஏறி தனிஸ்லாஸின் முதுகில் ஒட்டிக்கொண்டது. தனிஸ்லாஸுக்கும் கால் தயங்கத்தான் செய்தது. இருபது வருஷம் நின்ற இடமல்லவா? உள்ளே முதல் வரிசை நாற்காலியில் தெரசா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளும் இதுவரை செட்டாக முழுசாகக் கேட்டதில்லை. ஊர்வலத்தின் பின்னால் எந்தப் பேண்டுக்காரன் பெண்டாட்டி போவாள்? மடியில் உப்புத் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே தனிஸ்லாஸ் படியைத் தாண்டினார்.

உள்ளே சத்தம் இரண்டு மடங்காக எழுந்தது. கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நான்கு பேரும் மைக்கைச் சுற்றி நடந்தார்கள். டெனர் கிட்டே வரும்போது பெரிதாகி, விலகும்போது டிரம்பெட்டுக்கு வழிவிட்டது. யூபோனியம் அடியில் உருண்டது. செருப்பில்லாத எட்டுக் கால்கள் ஈரத் தரையில் தாளம் போட்டன. தனிஸ்லாஸ் தன் மெட்டைக் குலைத்தார், கோபித்தார், கெஞ்சினார், சிரித்தார். மனதுக்குள் அடக்கி வைத்த அத்தனையும் வந்தது. 'முதல் பந்தி' வந்தபோது சோலை வாசலை மறந்துவிட்டு ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். சோணையம்மாள் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி மெட்டு 'தெரசா முறைக்கிறாள்'. அதன் பாதியில்தான் அது நடந்தது. ஒரு உச்ச சுரத்தைப் பிடிக்கப் பல்லை அழுத்தினார் தனிஸ்லாஸ். உள்ளே ஏதோ பிடுங்கிக்கொண்டது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. இடப்பக்கத்துப் பல் ஒரு நூலில் தொங்கியது. நிறுத்திவிடலாம், ஆனால் நிறுத்தினால் இந்தப் பல்லோடு இன்னொரு முறை இல்லை. சுற்றிவரும் கால் நிற்கவில்லை, முத்திருளன் விடாமல் உசுப்பினான். யோசிக்க நேரமில்லாமல் தனிஸ்லாஸ் மேலுதட்டைப் பல்லுக்கு மேல் மடித்து, இரண்டு உதடுகளாலும் வாய்க்கட்டையைக் கவ்வி ஊதினார்.

வேறு குரல் வந்தது. பழைய குரலில் இருந்த கூர் இல்லை. இருட்டுக் கட்டிய, தழைந்த, காதோடு பேசுகிற குரல். எவன்டா புதுசாக ஒருவன் உள்ளே வந்தது என்று லாசர் ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். தனிஸ்லாஸுக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலில் அவர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தார். சண்டையெல்லாம் ஓய்ந்து வீட்டுக்குத் திரும்புகிறவன் கதவைத் தட்டுவதைப் போல, மெட்டின் ஆரம்பத்துக்கு வந்து நின்றார்.

தெரசா பாட்டிலோடு ஓடிவந்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"முறைச்சதுக்கா இம்புட்டு அழகா ஒரு பாட்டு?" என்றாள்.

ஆடி முடிவதற்குள் இரண்டு பல்லும் போயின. கேசட் தயாராகி வந்தபோது முன்பக்கம் மட்டும்தான் நிறைந்திருந்தது. பின்பக்கத்தில் நாலு படப் பாட்டைப் போட்டுத் தரவா என்று நல்லகாமன் கேட்டான். வாயில் பஞ்சு இருந்ததால் தனிஸ்லாஸ் கையாலேயே வேண்டாம் என்றார்.

ஈறு ஆறியதும் வைகை மணலில் தனியாக நடந்து, இரண்டு உதடுகளால் ஊதிப் பழகினார். சீக்கிரம் உதடு வலித்தது. ஆனால் வந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

ஆவணிக் கடைசியில் அதே மண்டபத்துக்கு ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பொழுது சாயும் நேரம். சிவப்புக் கோட்டில், முன்பல் இல்லாத தனிஸ்லாஸ் செட்டுக்கு முன்னால் நடந்து ஊதிக்கொண்டு வந்தார். வாசற்படி வந்தது. முத்திருளன் முடிப்பு உருட்டலை உருட்டினான், எல்லாரும் வாயிலிருந்து கருவியை எடுத்தார்கள். மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனார். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கேட்டது.

மண்டபத்துக்குள்ளிருந்து, அடுப்படிப் பக்கமாக, தூரத்தில் ஒரு பேண்டு வந்துகொண்டிருந்தது. மெதுவாக நெருங்கி, வாசற்படியைத் தாண்டி, இரண்டு மடங்காக எழுந்தது. தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெரிந்தது. சோணையம்மாளின் டேப் ரிக்கார்டரைச் சுற்றி, கத்தரிக்காய் நறுக்க வந்த பெண்கள் அருவாமனையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட மாப்பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை.

"அண்ணே, நாம வாசல்ல நிக்கிறோம். நாமளே உள்ளயும் இருக்கோம்" என்றான் மலையாண்டி.

தனிஸ்லாஸ் பொக்கை வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தார். இருபது வருஷத்தில் முதன்முறையாக, அந்த வாசலில் நிற்பது அவருக்கு வலிக்கவில்லை.

"அது பழைய பல்லுக்காரன்டா. நாளைக்கு நல்லகாமனைப் பாத்து, அடுத்த ஆடிக்கு மைக்கை எடுத்து வைக்கச் சொல்லு. கேசட்டோட பின்பக்கம் எனக்கு" என்றார்.